அலையின் இழுப்பு

அவரை ஒரு தடவை கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இரண்டாவது தடவை கூப்பிட வேண்டும். காதில் கோளாறு ஒன்றும் இல்லை. நாலு வீடு தள்ளிக் கடுகு வெடிக்கிற சத்தத்தைக் கேட்டு, இன்னார் வீட்டில் இன்றைக்கு ரசம் என்று சொல்லக்கூடிய காது. ஆனால் முதல் குரலுக்குக் கழுத்து அசையாது. கோலார் தங்கச் சுரங்கத்துக் கூலிகள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் அவருக்குச் 'செவிட்டுக் கடக்கரை' என்று பெயர் விழுந்தது. வைத்தவர்களில் நானும் ஒருவன்.

நிஜப் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அந்தப் பெயரை நான் சுரங்கத்தில் இரண்டு இடத்தில் எடுத்துச் சொன்னேன்; இரண்டும் அவருக்கு ஆகவில்லை. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பழகின நாளில் 'வாடா, போடா' என்றுதான் பேசினேன். இப்போது எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் வருகிறது. வந்தபடி இருக்கட்டும்.

லைனில் இருந்த நாங்கள் எல்லாம் குடியாத்தம், ஆம்பூர், வேலூர்ப் பக்கத்து ஆட்கள். அவர் ஒருவர்தான் சமுத்திரக் கரை. மதராசுக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பம். ஆள் பிடிக்கப் போன மேஸ்திரி எங்கேயோ அவரைப் பார்த்து, எங்களோடு சேர்த்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். மற்றவர்கள் சட்டியும் பாயும் கொண்டுவந்தார்கள். அவர் கொண்டுவந்த மூட்டையில் மரப்பட்டைச் சாயம் ஏற்றிய பருத்திக் கயிறு ஒரு சுருள், தகர டப்பா நிறையத் தூண்டில் முள், தட்டையாக அடித்த ஈயக்கட்டி ஏழெட்டு. குடிக்கிற தண்ணீருக்கே குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர் எங்கள் ஊர். அந்த மூட்டையைப் பிரித்த அன்று லைனே சிரித்தது.

"இங்க எந்த சமுத்திரத்துலடா போடப் போற?" என்று கேட்டேன்.

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் கேட்டேன்.

"கெடக்கட்டும்ணா. கைக்குப் பயக்கம் வுட்டுப் போவக் கூடாதில்ல" என்றார்.

அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது கை ஆள்காட்டி விரலில், நடுக்கணுவுக்கு மேலே, கயிறு அறுத்து அறுத்து ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அந்த விரல் கொஞ்சம் மடங்கியே இருக்கும். வேட்டி நுனியிலிருந்து ஒரு நூல் பிரிந்திருந்தால் போதும், அதை அந்தப் பள்ளத்தில் போட்டுக்கொள்வார். பேசுவது நம்மோடு, கவனம் அந்த விரலில்.

கல்யாணம் ஆகாதவர். பக்கத்துக் குடிசையில் படுக்கை, சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவிக்கு ஆரம்பத்தில் அவர்மேல் கோபம். "இன்னும் கொஞ்சம் சோறு போடவா" என்று கேட்டால் பேசாமல் இருப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். நாலைந்து நாள் கழித்து ஏதோ நினைப்பில் இரண்டாவது தடவை கேட்டுவிட்டாள். "போடுங்கண்ணி" என்று உடனே தட்டை நீட்டினார்.

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா வந்துது ஒனக்கு?" என்றாள்.

"மொத தபா கேக்கறது மரியாதைக்கு, அண்ணி. ரெண்டாவது தபா கேட்டாதான் பானையில நெசமாவே சோறு இருக்குதுன்னு அர்த்தம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவரிடம் எதையும் இரண்டு தரம் கேட்பாள். பிறகு எங்களிடமும் அதே பழக்கம் வந்துவிட்டது. என் தம்பி ஏழுமலை அவளைப் போலவே கேட்டுக் காட்டுவான். அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என்னோடு ஒரே கேங்கில் வேலை. எல்லாரையும் போல் நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரன். கடக்கரையை அவன் படுத்தாத பாடு இல்லை. அவருக்கும் அவனைத்தான் ரொம்பப் பிடிக்கும்.

ஏன் முதல் குரலுக்குத் திரும்புவதில்லை என்று அவனிடம்தான் அவர் முதலில் சொன்னார். ஒரு சாயங்காலம் லைனுக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் அவனைக் கண்ணை மூடி நிற்கவைத்து, அவன் விரலில் கயிற்றைப் போட்டார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முப்பது அடி தள்ளிப் போய் லேசாக இழுத்தார்.

"இது இன்னா?"

"மீனு" என்றான் ஏழுமலை.

"இல்ல. அலை. இஸ்துச்சி, அப்பறம் தானா லேசாச்சி பாரு. அலை வரும், இஸ்கும், வுட்டுட்டுப் பூடும். இப்ப இது?"

மறுபடி இழுத்தார். இந்தத் தடவை விடவில்லை. ஏழுமலையின் கை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் போனது.

"இது மீனு. இஸ்துட்டு வுடல பாத்தியா. வாயில முள்ளு மாட்டிக்கினா அது எங்க வுடும். மொத இழுப்புக்கு ஏமாந்துட்டா அப்பறம் பொயுதினிக்கும் அலையையே இஸ்துக்கினு இருக்க வேண்டியதுதான்."

நான் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்குக் கடல். அவர் படகுமீனவர் இல்லை. கரையில் நின்று மீன் பிடிக்கிறவர். அலை வழிந்து இறங்கும்போது ஈர மணலில் சின்னச் சின்னக் குமிழ் தெரியுமாம். அங்கே கையை விட்டால் பூச்சி நண்டு. ஓடு மெத்தென்று இருப்பதாகப் பார்த்துப் பொறுக்கினால் கிழங்கான் மீனுக்கு இரையாக அது போதும். கெளுத்தி வேண்டுமென்றால் கவலை மீனை ஒரு நாள் நாறவிட்டு வெட்டி, முள்ளில் நூலால் கட்ட வேண்டும். சும்மா குத்தினால் அலை உருவிக்கொண்டு போய்விடும். கயிற்றின் கடைசியில் ஈயம். உருண்டை ஈயம் அலையோடு உருளும், தட்டை ஈயம் மணலைக் கவ்வும். ஈயத்துக்கு மேலே இரண்டு முழம் விட்டு இரண்டு கிளைக் கயிறு, ஒவ்வொன்றிலும் ஒரு முள். ஈயத்தைத் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றி விட்டால், முதல் அலையைத் தாண்டி, மணல் திட்டுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் போய் விழ வேண்டும். மீன் அங்கேதான் மேய வரும். அப்புறம் விரலில் கயிற்றைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"எவ்ளோ நேரம்?" என்றேன்.

"நேரம் இன்னாண்ணா நேரம். நிக்க வேண்டியதுதான்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் ஏழுமலையும் அவரைப் பேத்தமங்களா ஏரிக்கு அழைத்துப் போனோம். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கயிற்றைக் கரையில் வளையம் வளையமாகப் பரப்பினார். ஏரியோரத்துச் சின்ன இறாலைப் பிடித்து நூலால் முள்ளில் கட்டினார். ஈயத்தைச் சுற்றி ஒரு விடு விட்டார். அது பாதி ஏரிவரை போய்ப் பொத்தென்று விழுந்ததில் நீர்க்காக்கைக் கூட்டம் முழுக்க எழுந்து பறந்தது. பக்கத்து வயலில் இருந்த தெலுங்குக் குடியானவர் ஒருவர், "ஏமய்யா, சேப்பலா, பிட்டலா?" என்று கேட்டார். மீன் பிடிக்கிறாயா, பறவை அடிக்கிறாயா என்று அர்த்தம்.

ஏழுமலை ஒரு மூங்கில் குச்சியில் மண்புழுவைக் கோத்து, கரையோரமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மத்தியானத்துக்குள் ஒன்பது கெண்டை. அவருக்கு ஒன்றும் இல்லை. மீன் வராமல் இல்லை. கயிறு துடிப்பதை நானே பார்த்தேன். "இஸ்து, இஸ்து" என்றேன். அவர் அசையவில்லை. இரண்டாவது இழுப்புக்காகக் காத்திருந்தார். அதற்குள் மீன் இறாலைத் தின்றுவிட்டுப் போய்விட்டது. ஏழெட்டுத் தடவை இப்படி.

"யோவ் கடக்கரை, இங்க அலையே இல்லியே. மொத இழுப்பு யாரோடதுன்னு பாத்துக்கினு இருக்க?" என்று ஏழுமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவரும் சிரித்தார். "எனக்கும் தெரியுதுபா. இது சும்மாக் கெடக்கற தண்ணி, இஸ்தா அது மீனு மட்டுந்தான். ஆனா கை கேக்க மாட்டேங்குது. அது இன்னும் கடக்கரையிலியே கீது."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அன்றைக்குச் சிரிக்காமல் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

திரும்பி நடந்து வரும்போது, கட்டுமரத்தில் ஏறாமல் ஏன் கரையிலேயே நின்றாய் என்று கேட்டேன். வழக்கம்போல் இரண்டு தரம். அவருக்கு மேலே இரண்டு அண்ணன்கள் ஒரே கட்டுமரத்தில் போய்த் திரும்பவில்லையாம். அம்மா இவரைக் கூப்பிட்டு, உயிர் இருக்கும்வரை மரத்தில் கால் வைக்காதே என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். குப்பத்தில் கரையில் நிற்கிற ஆம்பிளைக்கு மரியாதை இல்லை. அதனால்தான் மேஸ்திரியோடு புறப்பட்டார். "மரத்துலதான காலு வெக்கக் கூடாது, பூமிக்குள்ள போனா பரவால்லன்னு அம்மா அனுப்பிட்ச்சி" என்று சிரித்தார். ஏழுமலை அன்றைக்கு அதற்குச் சிரிக்கவில்லை. தன் கெண்டையில் பாதியை அவர் துண்டில் போட்டான்.

எங்கள் ஷாஃப்டை, சுரங்கத்துக்குள் இறங்குகிற அந்தக் கிணற்றை, அப்போது இன்னும் ஆழமாக்கிக்கொண்டிருந்தார்கள். அடியில் துளை போட்டு வெடி வைத்து, உடைந்த கல்லை இரும்புத் தொட்டியில் அள்ளி மேலே அனுப்ப வேண்டும். ஆளும் அதே தொட்டியில்தான் ஏறி இறங்க வேண்டும். தொட்டியை இழுக்கும் நீராவி எஞ்சின் தரைக்கு மேலே. அடியில் கத்தினால் அங்கே கேட்காது. அதற்காக ஒரு மணிக்கயிறு. அடியிலிருந்து அது, பாதி ஆழத்தில் குடைந்திருந்த நடு லெவல் வரை வரும். அங்கே ஒருவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கீழே எத்தனை தடவை இழுக்கிறார்களோ, அத்தனை தடவை அவன் மேல்கயிற்றை இழுத்தால் எஞ்சின் வீட்டில் மணி அடிக்கும். மூன்று இழுத்தால் ஏற்று. இரண்டு இழுத்தால் இறக்கு. ஒன்று இழுத்தால் நிறுத்து.

கீழ்க்கயிறு சும்மா இருக்கிற கயிறு இல்லை. பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கொட்டும், கல் உதிரும், தொட்டி போகும்போது காற்றில் ஆடும். முன்பு அங்கே உட்கார்ந்திருந்தவன் கயிறு தும்மினால்கூட மேலே மணி அடித்துவிடுவான். தொட்டி பாதியில் நிற்கும், கேட்காமலே இறங்கும். ஒரு தடவை அடியில் நின்ற ஆள் ஒருவனுடைய கால்மேலேயே இறங்கிவிட்டது. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது நான்தான் போய், "கயித்துக்குன்னே பொறந்தவன் ஒருத்தன் நம்ம லைன்ல கீறான் மேஸ்திரி" என்று அவர் பெயரைச் சொன்னேன். பெயரைச் சொன்ன முதல் இடம் அது.

அவரை உட்காரவைத்த பிறகு தொட்டி ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் நாங்கள் நாலு பேர் அடியில் குனிந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே தொட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து இரண்டு கல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்து மணிக்கயிற்றில் பட்டது. இரண்டு துடிப்பு; இறக்கு என்று அர்த்தம். பழைய ஆளாக இருந்தால் தொட்டி எங்கள் முதுகில் இறங்கியிருக்கும். அவர் அசையவில்லை. ஷிப்ட் முடிந்து கேட்டபோது, "அது கல்லுண்ணா, ஆளு இல்ல" என்றார். அவ்வளவுதான். அந்த நாலு பேரில் நானும் ஏழுமலையும் இருந்தோம்.

மூன்று இழுப்பும் இரண்டு இழுப்பும் அவருக்குக் குழப்பமில்லை. ஒற்றை இழுப்புத்தான் சிக்கல். அதற்கு அவரே ஒரு வழி சொன்னார். "ஒண்ணு இஸ்தீங்கன்னா இஸ்துட்டு வுடாதீங்க. அப்டியே புடிச்சிக்கினே இருங்க. புடி இருந்தா ஆளுன்னு எனக்குத் தெரியும். வுட்டுட்டா அது அலை." கல்லையும் தண்ணீரையும் எல்லாவற்றையும் சேர்த்து 'அலை' என்றுதான் சொல்வார். ஷாஃப்டுக்குப் பொறுப்பான வெள்ளைக்காரர் கேப்டன் துரைக்கு இந்த யோசனை பிடித்துப்போனது. துரையே அடியில் இறங்கி வந்து எங்களை ஒவ்வொருவராகக் கயிற்றை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார். ஏழெட்டு மாதம் ஒரு தவறும் இல்லை.

அன்றைக்குப் பகல் ஷிப்ட். துளை போடுகிற வேலை முடிந்து முதல் தொட்டியில் மூன்று பேர் ஏறினார்கள். ஏழுமலை மூன்றாவது. உள்ளே இடமில்லாமல் விளிம்பில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து நின்றான். எல்லாரும் செய்கிறதுதான். அடுத்த தொட்டிக்காக நான் கீழே கயிற்றண்டை நின்றேன். மூன்று இழுத்தேன். தொட்டி கிளம்பியது. ஆள் உயரம் போவதற்குள் அவனுடைய இடுப்புத் துணி ஷாஃப்ட் சுவரை ஒட்டி அடித்திருந்த மரச் சட்டத்து ஆணியில் மாட்டிக்கொண்டது. அவன், "அண்ணா" என்றான். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னான்.

நான் கயிற்றை ஒரு தடவை இழுத்தேன். பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் இரண்டு கையாலும் அவன் காலைப் பிடித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை. தம்பி தலைக்கு மேலே தொங்குகிறான், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேனா? தொட்டி போய்க்கொண்டே இருந்தது. அவன் கால் என் கையைவிட்டு உருவிக்கொண்டு மேலே போனது. திரும்ப ஓடி வந்து கயிற்றை இழுத்தேன். இந்தத் தடவை பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டாவது இழுப்புக்குத் தொட்டி நின்றது. அதற்குள் தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது.

மறுநாள் ஆபீசில் விசாரணை. கேப்டன் துரை கேட்டதைக் குமாஸ்தா தமிழில் சொன்னார்.

"ஒரு தடவை இழுத்தியா?"

"இஸ்தேங்க."

"இழுத்துப் பிடிச்சியா?"

வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். என் தம்பியைப் புதைத்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. நான் கயிற்றை விட்டதால்தான் செத்தான் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? வீட்டில் என் மனைவி இருக்கிறாள், ஊரில் அம்மா இருக்கிறாள். "புடிச்சேங்க. புடிச்சிக்கினுதான் நின்னேன். மேல உக்காந்திருந்தவன்தான் பாக்கல" என்று சொன்னேன். அவர் பெயரையும் சொன்னேன். அது இரண்டாவது இடம்.

அவரைக் கேட்டார்கள். "மொத இழுப்பு வந்துதுங்க. நான் அலைன்னு நெனச்சேன்" என்றார். குமாஸ்தாவுக்கு அது விளங்கவில்லை. அசட்டையாக இருந்துவிட்டான் என்று துரையிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார்கள். நான் பிடித்திருந்தேனா இல்லையா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

புறப்படுவதற்கு முன் மூட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சாப்பாட்டு நேரம். என் மனைவி உள்ளே இருந்தாள். எப்போதும் இரண்டு தரம் கேட்கிறவள் அன்று ஒரு தரமும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். பூமிக்குள் இறங்க முடியாமல் மேலே கல் உடைக்கிற மில்லில் வேலை வாங்கிக்கொண்டேன். கிணற்றுக் கயிற்றைப் பிடித்தால்கூட உள்ளங்கை வேர்க்கும். லைனில் அவர் பேச்சு வரும்போதெல்லாம், "உன் தம்பிய தின்னவன்" என்று யாராவது சொல்வார்கள். நான் தலையை ஆட்டுவேன். அந்த ஆட்டுதல் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள், மதராசில் ஒரு சோலி என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். மதராசில் இறங்கி, வண்டியும் நடையுமாக இரண்டு நாள் விசாரித்துக்கொண்டே போனேன்.

குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விடிந்து நன்றாக வெயில் வந்துவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன். "யாரு, அந்த அலையை இஸ்கற ஆளா?" என்று தெற்கே கை காட்டினார். "நல்லா மீன் புடிச்சிக்கினு இருந்தான். கோலாருக்குப் போயி வந்ததுலேர்ந்து புத்தி பெரண்டு போச்சி."

அப்போதுதான் நான் கடலைப் பார்த்தேன். அவர் சொன்னபடியேதான் இருந்தது. முதல் அலை, திட்டு, பள்ளம், வழிந்து இறங்கும் தண்ணீர், ஈர மணலில் குமிழ். நடுவில் அவர். முழங்கால் தண்ணீரில் நின்று, விரலில் கயிற்றைப் போட்டிருந்தார். ஒரு அலை வந்து கயிற்றை இழுத்தது. வெடுக்கென்று இழுத்து, பின்னாலேயே நடந்து வந்து, கயிறு முழுவதையும் கரையில் சேர்த்தார். முள் இரண்டும் காலி. திரும்ப நண்டைக் கட்டினார், திரும்பச் சுற்றி வீசினார். அடுத்த அலை. திரும்ப வெடுக்கென்று இழுத்தார்.

அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

முதல் குரலுக்கே திரும்பினார். அதை என்னால் தாங்க முடியவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்து பக்கத்தில் குந்தினார். கயிறு விரலில்தான் இருந்தது. "எப்பண்ணா வந்த? அண்ணி நல்லா கீதா?" என்றார். நேற்றுப் பிரிந்தவர் போல. ரயிலில் வரும்போது எப்படிச் சொல்வது என்று எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தேன். அவருக்கு எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டுமே என்றுகூட நினைத்திருந்தேன்.

"நான் கயித்த வுட்டுட்டேன்பா. புடிக்கல. ஆபீசுல பொய் சொன்னேன்."

"தெரியும்ணா" என்றார்.

"எப்பலேர்ந்து?"

"அப்பவே. மொதல்ல கயிறு லேசானதும் அலைன்னுதான் இருந்தேன். அப்பறம் விரலுக்கு உறுத்திச்சி. அலை வுட்டா மெள்ள வுடும். இது பொசுக்குன்னு போச்சி, ஆளு வுட்ட மாதிரி. கைய மேல்கயித்துக்கு எடுத்துக்கினு போறேன், அதுக்குள்ள உன் ரெண்டாவது இழுப்பு வந்துட்ச்சி."

"அத ஏன்பா துரைகிட்ட சொல்லல?"

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ இன்னாத்துக்கு வுட்ட? தம்பியப் புடிக்கத்தான வுட்ட. நானா இருந்தாலும் வுட்டிருப்பேன். எங்கண்ணனுங்க போனப்ப புடிக்கறதுக்கு எனக்கு ஒரு காலுகூடக் கெடைக்கல."

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஒரு அலை வந்தது. பேச்சை விட்டுவிட்டு எழுந்து கயிற்றை இழுத்தார். காலி முள். வேறு நண்டைக் கட்டினார்.

"அது அலைதானபா. ஒனக்குத் தெரியாததா?" என்றேன்.

"தெரியும்ணா. அலையா இருந்தா போவட்டும், ஒரு நண்டுதான் நஷ்டம்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆளா இருந்துட்டா?"

ஈயத்தைச் சுற்றி வீசிவிட்டு, கயிற்றை என்னிடம் நீட்டினார். "செத்த புடிண்ணா, கை வலிக்குது." கயிற்றைக் கண்டாலே வேர்க்கிற கைதான், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தண்ணீரில் இறங்கி, வாங்கி என் விரலில் போட்டுக்கொண்டேன். அவர் மணலில் காலை நீட்டிக் கண்ணை மூடினார்.

தூரத்தில் ஒரு அலை எழுந்து வந்தது. கயிறு விரலில் இறுகியது, கொஞ்சம் இழுத்தது, பிறகு தானாக மெள்ள லேசானது. அலைதான் என்று எனக்கே தெரிந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன்.